முந்திரிக்கொத்தில் முந்திரி இல்லாதது ஏன்?

கேள்வி: காடாம்புலியூரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். பண்ருட்டிக்கு அருகே காடாம்புலியூரில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக முந்திரித் தோப்பு வைத்திருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்துப் போட்ட மரங்களுக்குப் பதிலாக நட்ட கன்றுகள்தாம் இன்று எங்களுக்குச் சோறு போடுகின்றன. சென்ற மாதம் என் மகனுக்கு நாகர்கோவிலில் பெண் எடுத்தோம். சீர்ப் பலகாரங்களோடு சம்பந்தியம்மாள் பெரிய தூக்கு நிறைய முந்திரிக்கொத்து கொடுத்தனுப்பினார். மும்மூன்று உருண்டைகளாக ஒட்டிக்கொண்டு, மஞ்சள் நிறத்தில், பார்க்கவே அழகாக இருந்தது. என் மாமியார் ஒன்றை எடுத்துப் பிட்டார். மேல் ஓடு மொறுமொறுவென்று உடைந்தது. உள்ளே வறுத்த பயற்று மாவும், வெல்லமும், எள்ளும், சிவக்க வறுத்த தேங்காய்த் துருவலும் இருந்தன. முந்திரி ஒரு துணுக்குக்கூட இல்லை. இன்னும் நான்கைப் பிட்டுப் பார்த்தும் அப்படியே.

சுவையில் குறை ஏதுமில்லை. பிள்ளைகள் இரண்டே நாளில் தூக்கைக் காலி செய்துவிட்டார்கள். ஆனால் “பருப்பு விற்கிற விலைக்கு முந்திரியைப் போடாமலே விட்டுவிட்டார்களோ” என்று மாமியார் கேட்டது மருமகள் காதில் விழுந்து, அவள் முகம் வாடிவிட்டது. சம்பந்தியிடம் கேட்டால் குறை சொன்னதாகிவிடும். இது முந்திரி இல்லாமல்தான் செய்யப்படுகிறதா? அப்படியானால் இந்தப் பெயர் எப்படி வந்தது? நாங்கள் பதிலுக்குச் செய்து அனுப்பும்போது எங்கள் தோப்பு முந்திரியைச் சேர்க்கலாமா?

பதில் 1: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அம்மா, நான் நாகர்கோவிலில் பிறந்து, வாழ்க்கைப்பட்டுப் புதுச்சேரிக்கு வந்தவள். உங்கள் சம்பந்தியம்மாள் எதையும் விட்டுவிடவில்லை என்பதை முதலில் உங்கள் மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். கல்யாணமானாலும் தீபாவளியானாலும் எங்கள் பக்கத்தில் முந்திரிக்கொத்து இல்லாமல் பலகாரத் தட்டு நிறையாது. அதில் முந்திரிப்பருப்பு சேர்ப்பதும் வழக்கமில்லை. பாசிப்பயற்றைத் தோலோடு மணம் வரும்வரை வறுத்துக் கரகரப்பாகத் திரித்து, எள்ளும் தேங்காயும் தனித்தனியே வறுத்துச் சேர்த்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, வெல்லப் பாகை ஊற்றிச் சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிப்போம். பிறகு மஞ்சள் கலந்த பச்சரிசி மாவுக் கரைசலில் மூன்று உருண்டைகளைச் சேர்த்துத் தோய்த்து, கை விரல்களாலேயே எண்ணெயில் விடுவோம். மாவு வேகும்போது மூன்றும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கொத்துதான் பெயரில் இருக்கும் கொத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் முந்திரி என்கிற மரத்தை என் பாட்டி கொல்லாமரம் என்றுதான் சொல்வார். பழம் கொல்லாம்பழம், பருப்பு அண்டிப்பருப்பு. ஆகவே முந்திரிக்கொத்து என்று சொல்லும்போது எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பருப்பு நினைவுக்கு வந்ததே இல்லை.

பதில் 2: மஞ்சக்குப்பம், கடலூர்

மேலே சகோதரி கடைசியாகச் சொன்னதில்தான் விடை இருப்பதாக நினைக்கிறேன். நான் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். முந்திரி, முந்திரிகை என்னும் சொற்களுக்குத் தமிழில் திராட்சை என்னும் பொருள் உண்டு. திராட்சையைக் கொடிமுந்திரி என்று எழுதுவதும் வழக்கத்தில் இருந்தது. மலையாளத்தில் இன்றைக்கும் முந்திரி என்றால் திராட்சைதான். கன்னியாகுமரி மாவட்டமோ 1956 நவம்பர் 1 வரை கேரளத்து நிலப்பகுதிகளோடு ஒரே ஆட்சியில் இருந்தது. ஒட்டிக்கொண்டு உருண்டு திரண்டிருக்கும் அந்தப் பலகாரத்தைக் கண்டவர்கள் திராட்சைக் குலையை நினைத்து முந்திரிக்கொத்து என்று பெயரிட்டார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நாம் இன்று முந்திரி என்கிற மரம் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் நம் கரைக்கு வந்தது. புதிதாக வந்த மரத்துக்கு நம் பக்கத்தில் பழைய சொல் ஒன்று போய் ஒட்டிக்கொண்டது. (பழைய தமிழ்க் கணக்கில் 320இல் ஒரு பங்குக்கும் முந்திரி என்றே பெயர், இந்தச் சொல் அவ்வளவு இடங்களில் வாழ்ந்திருக்கிறது.)

நம் மாவட்டத்திலேயே இதற்கு இணையான சான்று உண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காயை நாம் பறங்கிக்காய் என்கிறோம். அந்தப் பறங்கியர் குடியேறிய ஊரைப் பரங்கிப்பேட்டை என்கிறோம். அங்கே வந்தவர் பெயரை வந்த காய்க்கு வைத்தோம். இங்கே இருந்த பெயரை வந்த மரத்துக்குக் கொடுத்தோம்.

பதில் 3: சிதம்பரம்

ஐயா சொன்ன விளக்கத்தை ஏற்கிறேன். கொட்டை பழத்துக்கு வெளியே முந்திக்கொண்டு நிற்பதால்தான் முந்திரி என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க இனிமையாக இருந்தாலும், திராட்சைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை. ஓசையைக் கொண்டு பொருள் சொல்வது உணவுப் பெயர்களில் மிகுதி. பல்லுக்குச் சவால் விடும் பொருள்விளங்கா உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன பொருள்கள் சேர்ந்திருக்கின்றன என்று விளங்காததால் அந்தப் பெயர் என்பார்கள். ஆனால் அதைப் பொரிவிளங்காய் என்று சொல்லும் வீடுகளும் உண்டு. வறுத்த தானிய மாவைப் பாகில் பிடித்து, விளாங்காய் அளவில், விளாங்காய் போலவே கெட்டியாகச் செய்வதை நினைத்தால் அதுவே மூலப் பெயராக இருக்கும் என்று தோன்றுகிறது. இரண்டு பலகாரங்களும் பெயர் பெற்றது காயையும் கனியையும் பார்த்துத்தான். உள்ளே இருக்கும் பொருளைப் பார்த்து அல்ல.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு இவற்றை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். கொல்லாம்பழம் என்ற இடத்தில் மருமகள் தானாகவே வந்து உட்கார்ந்து, தன் ஆச்சியும் அப்படித்தான் சொல்வார் என்றாள். காலையில் மாமியாரே அவளை அழைத்து அரைக் கிலோ பயறு வறுக்கச் சொல்லிவிட்டார். முந்திரியை அதில் சேர்க்காமல், வறுத்த பருப்பாகத் தனியே இரண்டு கிலோ அனுப்புவதென்று முடிவாகியிருக்கிறது. பாகுப் பதம் மட்டும் சொல்லுங்கள். முதலில் பிடித்த உருண்டைகள் எண்ணெயில் பிரிந்துபோயின.

பதில் 1: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பாகு இளகலாக இருந்திருக்கும் அம்மா. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் திரண்டு, விரலால் உருட்ட வர வேண்டும். அரைக் கிலோ பயற்றுக்கு அதே அளவு வெல்லமும் ஒரு தேங்காயும் போதும். பிடித்த உருண்டைகளை ஒரு மணி நேரம் காற்றாட இறுக விட்டு, அதன் பிறகு மாவில் தோயுங்கள். தேங்காயை ஈரம் போக வறுத்திருந்தால் நாகர்கோவில் போய்ச் சேர்ந்த பிறகும் பத்து நாளைக்குக் கெடாது.