எடைக் குறைப்பு ஆபரேஷன்: சைவ வீடு, பயப்படுகிற மாமியார். எப்படித் தயாராவது?

செங்காங்_கவி

அடுத்த மாதம் எனக்கு வயிற்றில் பைபாஸ் ஆபரேஷன். வயது 36, பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 38. மகன் வயிற்றில் இருந்தபோது வந்த சர்க்கரை அவன் பிறந்த பிறகும் போகவில்லை, மெட்ஃபார்மின் ஓடிக்கொண்டிருக்கிறது, ராத்திரியில் மூச்சு நின்று நின்று வருவதால் சீபேப் மெஷினும் உண்டு. பாலிகிளினிக்கில் கடிதம் வாங்கி அரசாங்க மருத்துவமனைக்குப் போனேன். சர்ஜன், டயட்டீஷியன், மனநல ஆலோசகர் எல்லோரையும் பார்த்தாயிற்று, எண்டோஸ்கோப்பியும் முடிந்தது. மெடிசேவில் (சிங்கப்பூரில் மருத்துவச் செலவுக்கான சேமிப்பு) எவ்வளவு எடுக்கலாம், கையிலிருந்து எவ்வளவு பணம் போடவேண்டும் என்று அங்கேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள், அந்தக் கவலை தீர்ந்தது.

மிச்சமிருப்பது வீடு. நாங்கள் சைவம், நான் முட்டை மட்டும் சாப்பிடுவேன். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், அடுப்படி முழுக்க அவர் பொறுப்பு. "வாயைக் கட்டினால் போதாதா, நல்லா இருக்கிற வயிற்றை ஏன் வெட்டணும்" என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொல்கிறார், அதனால்தான் பதில் பேச முடியவில்லை. இப்போது என் கணவருக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது.

கூட வேலை பார்க்கும் தோழி ஸ்லீவ் என்ற இன்னொரு வகை ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாக இருக்கிறாள். எனக்கு நெஞ்செரிச்சல் இருப்பதால் பைபாஸ்தான் சரி என்று டாக்டர் சொன்னார், ஏன் அப்படி? சைவத்தில் போதுமான புரதம் கிடைக்குமா? முடி நிறையக் கொட்டும் என்கிறார்களே? இன்னொரு குழந்தையும் வேண்டும் என்று ஆசை, எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்? அப்புறம், சொந்தபந்தத்தில் யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூரோங்_அக்கா

கவி, நான் பைபாஸ் செய்துகொண்டு சில வருடங்கள் ஆகின்றன. வாயைக் கட்டும் பேச்சு எனக்கும் நிறையக் கிடைத்தது. நம்மைப் போல எடை ஏறிப்போன உடம்பு பட்டினியைச் சும்மா விடாது. சாப்பாட்டைக் குறைத்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, உடம்பு செலவழிக்கும் சக்தி குறைகிறது, இறங்கிய எடை திரும்ப ஏறுகிறது. ஆபரேஷன் வயிற்றைச் சின்னதாக்குவதோடு நிற்பதில்லை, குடலிலிருந்து வரும் ஹார்மோன்களையும் மாற்றுகிறது. அதனால்தான் பலருக்கு எடை இறங்கும் முன்பே சர்க்கரை இறங்கிவிடுகிறது. நான் வீட்டுக்கு வரும்போதே என் இன்சுலினை நன்றாகக் குறைத்துத்தான் அனுப்பினார்கள். ஆசிய உடம்புக்கு இங்கே வழக்கமாகப் பார்க்கிற அளவு பி.எம்.ஐ. 37.5, சர்க்கரை, பிரஷர் மாதிரி நோய் இருந்தால் 32.5. உங்கள் டாக்டர் அவசரப்பட்டு ஒன்றும் சொல்லவில்லை, இதை மாமியாரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழாய் மாதிரி விடுவார்கள். அந்தக் குழாய்க்குள் அழுத்தம் அதிகம், ஏற்கெனவே எதுக்களிக்கிறவர்களுக்கு அது இன்னும் மோசமாகலாம். பைபாஸில் மேலே ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். மிச்ச இரைப்பை உள்ளேயே இருக்கும், சாப்பாடு அதன் வழியாகப் போகாது. சின்னப் பையில் அமிலம் குறைவு, அதனால் நெஞ்செரிச்சல்காரர்களுக்கு இது பொருந்துகிறது. உங்கள் தோழிக்குச் சரியாக இருப்பது உங்களுக்கும் சரியாக இருக்க வேண்டும் என்று இல்லை.

சைவத்தைப் பற்றித்தான் உங்களிடம் விவரமாகப் பேச வேண்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பார்கள், பலருக்கு 80 வரை. வயிற்றில் இடமே இல்லாதபோது சாம்பாரில் இருக்கும் பருப்பை நம்பினால் அந்தக் கணக்கு ஒருநாளும் தேறாது, சாம்பாரில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். தௌக்வா (கெட்டி டோஃபு), டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), பனீர், கெட்டித் தயிர், முட்டை, சர்க்கரை போடாத சோயா பால், இவைதான் கை கொடுக்கும். டெம்பே 100 கிராமில் சுமார் 19 கிராம் புரதம் இருக்கிறது, ஈரச்சந்தையில் மலிவாகக் கிடைக்கும், நம் வீடுகளில் ஏன் வாங்குவதில்லை என்று தெரியவில்லை. முதலில் மசித்து, பிறகு மென்மையாக வேகவைத்து, தாளித்துச் சாப்பிடலாம். ஆரம்ப வாரங்களில் புரதப் பவுடர் இல்லாமல் முடியாது. சுவையில்லாத பவுடரை வெதுவெதுப்பான, வடிகட்டிய, காரமில்லாத ரசத்தில் கலந்து பாருங்கள். கொதிக்கக் கொதிக்கக் கலந்தால் கட்டி தட்டிவிடும். தட்டில் முதல் வாய் புரதமாக இருக்கட்டும், அப்புறம் காய், இடமிருந்தால் சோறு.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் அழுத்திச் சொல்லியிருக்க மாட்டார்கள். பி12 சத்து சைவச் சாப்பாட்டில் குறைவு, மெட்ஃபார்மின் அதை இன்னும் குறைக்கும், பைபாஸ் மேலும் குறைக்கும். மூன்றும் ஒருவரிடமே சேர்ந்தால் கவனமாக இருக்க வேண்டும். கல்லீரலில் பி12 சேமிப்பு வருடக்கணக்கில் இருக்கும் என்பதால் குறைவது உடனே தெரியாது, கை கால் மரத்துப்போன பிறகு தெரிந்தால் நரம்புக்குக் கெடுதல். ஆபரேஷனுக்கு முன்பே பி12, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி பார்த்துக் குறித்து வையுங்கள். மாத்திரைகள் ஆயுள் முழுக்க, வருடா வருடம் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க. கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் டீ வேண்டாம்.

முடி கொட்டும், பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது மாதத்தையொட்டி ஆரம்பித்துச் சீப்பெல்லாம் முடியாக இருந்தது, அழுதேன். வேர் சாகவில்லை, சில மாதங்களில் திரும்ப முளைத்துவிடும். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் சீக்கிரம் தேறும்.

குழந்தைக்குப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதம் பொறுக்கச் சொல்வார்கள். ஆனால் எடை இறங்க இறங்கக் கருத்தரிப்பது எளிதாகிவிடும், மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருந்தவர்களுக்குக்கூட. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை உடம்பில் சரியாகச் சேரும் என்று நம்ப முடியாது, வேறு வழியை மகப்பேறு டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். கர்ப்பமானதும் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்துப் பார்க்கும் சோதனை வருமே, அதற்கு முன் "எனக்குப் பைபாஸ் ஆகியிருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள், வேறு மாதிரி பார்ப்பார்கள்.

உட்லண்ட்ஸ்_செல்வம்

நான் ஸ்லீவ். நெஞ்செரிச்சல் இல்லாதவன், எனக்கு நன்றாகவே போகிறது, அதனால் ஸ்லீவ் எடுத்தவர்கள் யாரும் பயந்துவிட வேண்டாம்.

வேலை, வெளிச்சாப்பாடு பற்றிச் சொல்கிறேன். எனக்கு ஷிஃப்ட் வேலை, ஹாக்கர் சென்டரை விட்டால் வேறு வழியில்லை. நான் வாங்குவது பீஹூன் (அரிசி சேமியா) போடாத மீன் சூப், இல்லையென்றால் யோங் தௌஃபூவில் தௌஃபூவும் காயும், நூடுல்ஸ் வேண்டாம். சகோதரி சைவம் என்பதால் சைவக் கடையில் தௌக்வாவும் காயும் கேட்டு வாங்கலாம், கிரேவியைத் தனியாக. புரோட்டா, ரொட்டி, கெட்டியான சோறு முதல் சில மாதம் தொண்டைக்குக் கீழேயே நிற்கும், அந்த வலி வந்தால்தான் தெரியும். மெல்லவேண்டும், மெல்லவேண்டும், கரண்டியைக் கீழே வைக்கவேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, முடிந்து அரை மணி நேரம் கழித்து வாய் வாயாகக் குடிக்க ஆரம்பித்து, நாளுக்கு ஒன்றரை லிட்டராவது தேற்றிவிடவேண்டும். பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி-ஓ கோசோங் பழகிக்கொள்ளுங்கள். தே தாரிக்கில் இருக்கும் கெட்டிப்பால் பைபாஸ்காரர்களுக்கு ஆகவே ஆகாது, படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் ஒன்றாக வரும், இதைத்தான் டம்பிங் என்பார்கள்.

மூன்றாவது வாரம் போல எடை அப்படியே நிற்கும், பலருக்கும் நிற்கிறது, தராசை மூடி வையுங்கள். உண்மையான சோதனை பிறகு வருகிறது. ஒரு வருடம், இரண்டு வருடம் போனதும் பசி மெல்லத் திரும்பும். அப்போது முறுக்கு, மிக்சர், ஐஸ் மைலோ எல்லாம் எந்தத் தடையும் இல்லாமல் இறங்கும், எடை ஏறுவது அந்த வழியாகத்தான். டாக்டரைப் பார்ப்பதை நிறுத்தியவர்களுக்குத்தான் அதிகம் ஏறுகிறது என்பது நான் பார்த்த வரையில்.

சொந்தக்காரர்களிடம் சொல்வது பற்றி: யாரிடமும் சொல்லத் தேவையில்லை. உங்கள் உடம்பு, உங்கள் விஷயம். "சர்க்கரைக்குச் சிகிச்சை" என்று முடித்துவிடுங்கள், அது பொய்யும் இல்லை.

வார்டு_நர்ஸ்

நான் ஒரு சர்ஜிக்கல் வார்டில் வேலை பார்க்கிறேன். உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு, நான் சொல்வது நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் ஆப்டிஃபாஸ்ட் மாதிரி, சாப்பாட்டுக்குப் பதிலான பானத்தில் இருக்கச் சொல்வார்கள். பலர் இதை எடைக்காக என்று நினைக்கிறார்கள். இது முக்கியமாகக் கல்லீரலுக்காக. கல்லீரலின் இடது பக்கம் இரைப்பைக்கு மேல் படுத்திருக்கும், கொழுப்பு சேர்ந்து பெரிதாகியிருந்தால் கேமராவும் கருவிகளும் போக இடம் கிடைக்காது. இந்த இரண்டு வாரத்தில் அது சுருங்கும். "இனி சாப்பிட முடியாதே" என்று கடைசியில் விருந்து சாப்பிட்டுவிட்டு வராதீர்கள், ஆபத்து உங்களுக்குத்தான். அந்தப் பானத்தில் இருக்கும்போது சர்க்கரை இறங்கும், மாத்திரை அளவை மாற்றவேண்டி வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரை மாத்திரை யாராவது எடுத்தால் அவசியம் சொல்லுங்கள், அதை முன்கூட்டியே நிறுத்தவேண்டும். சீபேப்பை வார்டுக்கு எடுத்து வாருங்கள். நாட்டு மருந்து, லேகியம் ஏதாவது எடுத்தாலும் மறைக்காதீர்கள்.

முடிந்த அன்றே எழுந்து நடக்கச் சொல்வோம். வலித்தாலும் நடங்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் வழி.

வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல், ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு வேகமாக அடிப்பது, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். தையல் போட்ட இடத்தில் கசிவு இருந்தால் நேரம் முக்கியம். அவசரப் பிரிவுக்குப் போங்கள், மூச்சுத் திணறினால் 995 (ஆம்புலன்ஸ்). தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி தொடர்ந்தால் அதுவும் அவசரம்தான், தயமின் (வைட்டமின் பி1) சத்து வேகமாகக் குறைந்துவிடும்.

அப்புறம், கிளினிக்கில் முட்டி வலிக்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இணைத்த இடத்தில் புண் வரும். பேனடால் (பாராசிட்டமால்) போதும். இதை எல்லா டாக்டரிடமும், பல் டாக்டரிடமும் சொல்லவேண்டும்.

பிடோக்_ராஜி

என் கணவருக்குச் செய்தோம், நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். செல்வம் அண்ணன் சொல்வதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தூரத்துச் சொந்தத்துக்குச் சொல்லவேண்டாம், சரி. ஆனால் கூட இருக்கும் மாமியாரிடம் பாதி சொல்லிப் பாதி மறைத்தால் அவர் பயம் கூடத்தான் செய்யும். கவி, அடுத்த டயட்டீஷியன் அப்பாயின்ட்மென்ட்டுக்கு அவரையும் அழைத்துப் போங்கள். தமிழில் விளக்கம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். எங்கள் அத்தை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேள்வி கேட்டார், "அப்போ என் மகனுக்கு நான் என்ன சமைச்சுத் தரணும்?" என்று. அவர் பயத்துக்கு அடியில் அதுதான் இருந்தது.

சமைக்கிறவருக்கு வேலை கொடுங்கள். வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மசித்த தௌக்வா, முட்டை கலந்த காய்கறி மசியல் என்று ஒவ்வொரு வாரத்துக்கும் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினோம், அவரே எங்களைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டார். "ரெண்டு வாய்தானே சாப்பிட்ட" என்று இன்னும் ஒரு கரண்டி வைப்பதுதான் பெரிய சிக்கல். அந்த ஒரு கரண்டி வாந்தியில் முடியும் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். தீபாவளிக்கு வீடு வீடாகப் போகும்போது என் கணவர் கையில் எப்போதும் ஒரு தண்ணீர் டம்ளர் இருக்கும், கையில் ஏதாவது இருந்தால் யாரும் தட்டை நீட்டுவதில்லை. "முகம் வாடிப்போச்சே, உடம்புக்கு என்ன" என்று கேட்பார்கள். அது ஒரு கட்டம், தோல் கொஞ்சம் தொங்கும், பிறகு முகம் தேறும்.

செங்காங்_கவி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பி12 விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, நாளைக்கே கேட்கிறேன். மாமியாரிடமும் பேசினேன், வருகிறேன் என்றார். இன்னும் ஒன்று. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல் இருக்கிறது. எங்கள் வீட்டில் 48 நாள் விரதம், ஒரு வேளைதான் சாப்பாடு. ஆபரேஷனுக்குப் பிறகு முடியுமா?

ஜூரோங்_அக்கா

சைவம் ஒரு பிரச்சினையே இல்லை, ஒரு வேளைச் சாப்பாடுதான் முடியாது. உங்கள் வயிற்றில் ஒரு தடவைக்கு அரைக் கிண்ணம் போகும், 60 கிராம் புரதத்தை அதில் எப்படி அடைப்பது? தண்ணீரும் தேறாது. நான் அசைவத்தையும் முட்டையையும் விட்டுவிட்டு, நாளுக்கு ஐந்து சின்ன வேளை சாப்பிட்டு விரதம் இருந்தேன், கோயிலில் கேட்டபோது உடம்புக்கு ஏற்றபடி இருக்கலாம் என்றுதான் சொன்னார்கள். முட்டையை விடும்போது அந்தப் புரதத்தைப் பவுடரில் ஈடுகட்டுங்கள். ஆபரேஷன் முடிந்து முதல் சில மாதத்துக்குள் தைப்பூசம் வந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளி வையுங்கள், கனம் தூக்குவதற்கும் டாக்டர் சரி என்று சொல்லவேண்டும்.

பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடக்கும்போது வழியில் பந்தல்களில் கொடுக்கும் இனிப்புத் தண்ணீரை வாங்காதீர்கள், வெயிலில் டம்பிங் வந்தால் மயக்கம்தான். வெறும் தண்ணீர் பாட்டிலைக் கூட வருகிறவரிடம் கொடுத்து வையுங்கள், அடிக்கடி ஒரு வாய். விரதம் ஆரம்பிக்கும் முன் டயட்டீஷியனிடம் தேதியைச் சொல்லி, ரத்தப் பரிசோதனையை அதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.