புரோநோட் தாவா, பகுதி டிகிரி: செலவுப் பட்டியலில் விகிதம் எதை வைத்துப் போடுவது?

குமாஸ்தா_திண்டுக்கல்:
வணக்கம். புரோநோட் (கடன் உறுதிச் சீட்டு) தேதி 11-6-2019, அசல் 3,00,000, வட்டி நூற்றுக்கு மாதம் 1 ரூபாய். பிராது (வழக்கு மனு) தாக்கல் 11-3-2022. அதுவரை 33 மாத வட்டி 99,000 சேர்த்து தாவா தொகை 3,99,000. 11-3-2024 தீர்ப்பில், ஒரு லட்சம் கைமாறியது நிரூபணமாகவில்லை என்று சொல்லி அசல் 2,00,000, தாவா தேதி வரை வட்டி 66,000, அதிலிருந்து தீர்ப்பு வரை அசலுக்கு 9%, பிறகு வசூலாகும் வரை 6%, விகிதாசார செலவுத்தொகையுடன் (வென்ற பங்குக்கு ஏற்ற வழக்குச் செலவு) டிகிரி (தீர்ப்பாணை) ஆகியிருக்கிறது.

வாதியின் மொத்தச் செலவு 28,200. 2,66,000-ஐ வைத்து விகிதம் போட்டால் 18,800 வருகிறது. தீர்ப்பு நாள் வரை ஓடிய வட்டி 36,000-ஐயும் கூட்டி 3,02,000-ஐ வைத்தால் 21,344. கட்சிக்காரர் இரண்டாவதைத்தான் கேட்கிறார். எது நிற்கும்?

பழைய_குமாஸ்தா:
18,800 தான். விகிதத்தில் கீழே (வகுக்கும் எண்ணாக) போடும் 3,99,000 பிராது தேதிக் கணக்கு. மேலே போடுவதும் அதே தேதிக் கணக்காக இருக்க வேண்டும். கோர்ட் ஃபீஸ் கட்டியதும் அந்தத் தொகைக்குத்தான். 2017-க்குப் பிறகு நூற்றுக்கு 3 வீதம் 11,970.

ஓடிய வட்டியை மேலே சேர்த்தால், பிராதில் நீங்கள் கேட்ட ஓடும் வட்டியைக் கீழேயும் சேர்க்க வேண்டி வரும். 3,00,000-க்கு 12% வீதம் இரண்டு வருஷம் 72,000. கீழே 4,71,000 ஆகிவிடும். 3,02,000-ஐ அதால் வகுத்தால் செலவு 18,081-க்கு இறங்குகிறது. கட்சிக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், அப்புறம் கேட்க மாட்டார்.

சதவீதமாக மாற்றிவிட்டுப் பெருக்காதீர்கள். 66% என்று எடுத்தால் 18,612, 67% என்றால் 18,894. முதலில் 28,200-ஐ 2,66,000-ஆல் பெருக்கி, கடைசியில் 3,99,000-ஆல் வகுத்தால் பைசா பிசகாது.

சிவில்_சைடு:
விகிதத்துக்கு முன்னால் அந்த 28,200 எப்படி வந்தது என்று பாருங்கள் சார். பெரும்பாலும் வெட்டு விழுவது அங்கேதான்.

வக்கீல் ஃபீஸ் என்ற இடத்தில் கட்சிக்காரர் கையில் கொடுத்த தொகையைப் போட முடியாது. 1973 ஃபீஸ் விதிகளின்படி தாவா மதிப்புக்கு என்ன வருகிறதோ அதுதான். அதுவும் ஃபீஸ் சர்டிபிகேட் கோர்ட் கட்டில் (வழக்குக் கோப்பில்) இருந்தால்தான். இல்லையென்றால் பட்டியலில் அந்தக் கட்டம் காலி.

மறந்து விடுவதும் உண்டு. சிபிசி (சிவில் நடைமுறைச் சட்டம்) ஆர்டர் 20-ஏ படி, சட்டப்படி கட்டாயம் இல்லாமல் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் செலவு, பிராது டைப்பிங், கோர்ட்டில் கட்டுப் பார்க்கக் கட்டிய கட்டணம், சம்மன் இல்லாமல் நாமே கூட்டி வந்த சாட்சியின் செலவு எல்லாம் கேட்கலாம். அனுமதிப்பது கோர்ட்டின் விருப்பம், அதனால் ரசீது இருக்கட்டும். வாய்தாவுக்கு எதிர்த்தரப்பு ஏற்கெனவே கட்டிய காஸ்டை (செலவுத்தொகையை) இதில் திரும்ப ஏற்றாதீர்கள்.

இன்னொன்று: தள்ளுபடியான மூன்றில் ஒரு பங்குக்குப் பிரதிவாதிக்கு விகிதாசார செலவு உண்டா என்பதைத் தீர்ப்பின் கடைசிப் பாராவில் பாருங்கள். உண்டு என்றால் அவர் செலவில் தாவா கோர்ட் ஃபீஸ் இருக்காது. ஆகவே அவர் பங்கு உங்களுடையதில் பாதியாக வராது, குறைவாகவே வரும்.

குமாஸ்தா_திண்டுக்கல்:
நன்றி. ஈ.பி. (டிகிரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) 11-11-2024 அன்று போடுகிறோம். அதே நாளில் பிரதிவாதி 50,000 டெபாசிட் செய்கிறார். செலவுத்தொகைக்கும் 6% கேட்கலாமா? இந்த 50,000-ஐ எதில் கழிப்பது?

பழைய_குமாஸ்தா:
கேட்க முடியாது தம்பி. செலவுத்தொகைக்கு வட்டி தரலாம் என்றிருந்த சிபிசி 35(3) உட்பிரிவை 1956-லேயே எடுத்துவிட்டார்கள். 34-வது பிரிவு வட்டி அசலுக்கு மட்டும். 66,000-க்கும் கிடையாது, 18,800-க்கும் கிடையாது.

11-3-2024 முதல் 245 நாள். 2,00,000-க்கு வருஷம் 12,000, அதை 245-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 8,054.79. எட்டு மாதம் என்று போட்டால் 8,000 தான் வரும், 54 ரூபாய் போச்சு. நாள் கணக்கே போடுங்கள்.

ஈ.பி. கட்டங்கள் இப்படி வரும்:
அசல் 2,00,000
தாவா தேதி வரை வட்டி 66,000
தீர்ப்பு வரை வட்டி 36,000
செலவு 18,800
பின் வட்டி 8,054.79
மொத்தம் 3,28,854.79

டிகிரியில் வேறு மாதிரி சொல்லாதபோது, வருகிற பணம் முதலில் வட்டிக்கு, அடுத்து செலவுக்கு, கடைசியில் அசலுக்கு. வட்டிப் பாக்கி மொத்தம் 1,10,054.79, அதில் 50,000 போய் 60,054.79 நிற்கும். அசல் அப்படியே 2,00,000, நாளுக்கு 32.88 ஓடிக்கொண்டே இருக்கும். அசலில் கழித்து 1,50,000 ஆக்கிவிட்டால் ஒவ்வொரு வருஷமும் 3,000 வட்டி நஷ்டம். எதிர்த்தரப்பு மெமோ எப்போதும் அப்படித்தான் கழித்து வரும், கவனமாகப் பாருங்கள்.

சிவில்_சைடு:
பேங்க் கடன் தாவாவுக்கு இதே கணக்கை எடுத்துப் போய்விடாதீர்கள். ஒப்பந்தப்படி அசலோடு சேர்ந்துவிட்ட வட்டியும் 34-வது பிரிவில் அசல்தான் என்று சென்ட்ரல் பேங்க் எதிர் ரவீந்திரா வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தனிநபர் புரோநோட்டில் தனி வட்டி மட்டும் இருந்தால் மேலே போட்டதுதான்.