வூஷி வெண்கலம்: அரையிறுதியில் தோற்றவருக்குப் பதக்கம் தகுமா?

சத்துவாச்சாரி வாசகன்:
2023 ஜூனில் சீனாவின் வூஷி நகரில் நடந்த ஆசிய வாள்வீச்சுப் போட்டியில், மகளிர் சேபர் (வெட்டவும் குத்தவும் பயன்படும் வாள்) பிரிவில் பவானி தேவி பெற்ற வெண்கலத்தைப் பெரிய வெற்றியென்று இங்கே பலரும் எழுதுகிறீர்கள். அரையிறுதியில் உஸ்பெகிஸ்தானின் ஜைனப் தயிபெகோவாவிடம் 14-15 என்று தோற்றவருக்கு, மூன்றாமிடத்துக்கென ஓர் ஆட்டம்கூட இல்லாமல் பதக்கம் கிடைத்திருக்கிறது. எங்கள் ஊர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் காமன்வெல்த் போட்டிகளில், 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டுகோஸ்டிலும் தங்கம் வென்றபோது, தூக்கிய கிலோதான் பேசியது. பளுதூக்கலைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இந்த இரட்டை வெண்கலம் உறுத்துகிறது.

காட்பாடி சேபர்:
ஐயா, அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே வெண்கலம் தருவது உலக வாள்வீச்சுப் போட்டியிலும் உள்ள முறைதான், குத்துச்சண்டையிலும் அப்படியே. அந்த அரையிறுதிக்கு அவர் எப்படி வந்தார் என்பதையும் பாருங்கள். ஜப்பானின் ஒசாகி செரியை 15-11 என்று வென்ற கையோடு, 2022இல் கெய்ரோவில் உலகப் பட்டம் வென்ற எமுரா மிசாகியைக் காலிறுதியில் 15-10 என்று வீழ்த்தினார். அதற்கு முன் எமுராவை அவர் ஒருமுறைகூட வென்றதில்லை. ஆசிய வாள்வீச்சுப் போட்டியில் இந்தியாவுக்கு இதுவே முதல் பதக்கம்.

சத்துவாச்சாரி வாசகன்:
எமுராவை வென்றதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சேபரில் இருவரின் வாளும் பட்டு இரண்டு விளக்கும் சேர்ந்து எரிந்தால் புள்ளி யாருக்கு என்பதை நடுவர் சொல்கிறார். 14-14 வரை வந்த ஆட்டத்தை ஒருவரது கண் தீர்மானிக்கும் விளையாட்டில், மூன்றாமிடத்தையாவது ஆடித் தீர்க்கவேண்டாமா?

காட்பாடி சேபர்:
நடுவரின் விருப்பமல்ல அது. முதல் வாள் பட்ட 170 மில்லிநொடிக்குள் மற்றவரின் வாளும் பட்டால்தான் இரண்டு விளக்கும் எரியும். அப்போது கையை நீட்டித் தாக்குதலை முதலில் தொடங்கியவருக்கே பொதுவாகப் புள்ளி. பள்ளி நாட்களில் நானும் வாள் பிடித்தவன். இரண்டு விளக்கும் எரிந்ததும், முகமூடிக் கம்பிவலைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு, நடுவரின் கை எந்தப் பக்கம் நீளும் என்று பார்த்து நின்றிருக்கிறேன். பல முறை நான் முந்திவிட்டதாகவே நினைத்தேன். பிறகு காணொளியில் பார்த்தால், என் முன்கால் நகரும்போதும் கை மடங்கியே இருந்தது.

ஆம்பூர் அண்ணன்:
தம்பி, ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்குத் தனி ஆட்டம் உண்டே?

காட்பாடி சேபர்:
உண்டு அண்ணா. அங்கே மூன்றாமிடம் ஒருவருக்கு மட்டும்தான்.

சத்துவாச்சாரி வாசகன்:
நான் கேட்பதும் அதுதான். பதக்கத்தை மறுக்கவில்லை, "இணைந்த மூன்றாமிடம்" என்று எழுதுங்கள் என்கிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் துனிசியாவின் நாடியா பென் அசீசியை 15-3 என்று வென்று, அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் 7-15 என்று தோற்றதைப் பவானி மறைக்கவில்லை. நாம் மட்டும் ஏன் 14-15ஐ விட்டுவிட்டு எழுதவேண்டும்?

காட்பாடி சேபர்:
அதை ஏற்கிறேன், ஐயா. 14-15ஐ முதல் வரியிலேயே போடுவோம். எமுராவை வென்ற 15-10 அதற்கு அடுத்த வரியில் இருக்கட்டும்.