எண்ணெய் ஊரில் மரவள்ளி: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஆத்தூர்க்காரன்:
போர்ட் ஹார்கோர்ட் பக்கம் ஆறு வருடம் பைப்லைன் வேலை பார்த்தேன். நைஜீரியாவில் 1956இல் முதன்முதலாக வணிக அளவில் எண்ணெய் கிடைத்த ஒலோய்பிரி ஊரும் அதே நைஜர் ஆற்று டெல்டாவில்தான் இருக்கிறது. ஊர்க்காரர்களைச் சமாதானப்படுத்த எண்ணெய் நிறுவனங்கள் ஏதாவது விவசாயத் திட்டம் வைத்திருக்கும். இத்தாலிய நிறுவனமான அஜிப் 1987லேயே ‘கிரீன் ரிவர்’ என்று ஒன்றைத் தொடங்கியது. நான் சொல்லப்போவது வேறு நிறுவனம், பெயர் வேண்டாம்.

நம்ம மரவள்ளிதான் அங்கே சோறு. தோலுரித்துத் துருவி, சாக்கில் கட்டிப் பாரம் வைத்துப் பிழிந்து, புளித்தபின் வறுத்தால் ‘காரி’. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும் என்பது ஆத்தூர், ராசிபுரம்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் துருவும் மெஷின் வந்தபோது ஊரே மகிழ்ந்தது. ஷெட் போட்டு, டீசல் இன்ஜினோடு கொடுத்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள், போர்டு வைத்தார்கள். நான்கே மாதத்தில் பெல்ட் அறுந்தது. அப்புறம் டீசல் யார் வாங்குவது என்று சண்டை. நான் கிளம்பும்போது ஷெட்டில் ஆடு கட்டியிருந்தார்கள். போர்டு மட்டும் பளிச்சென்று இருந்தது.

அதே திட்டத்தில் நடுவதற்கு வீட்டுக்கு ஒரு கட்டு மரவள்ளிக் குச்சியும் தந்தார்கள், தேமல் நோய் தாங்கும் ரகம். அதற்கு விழா எதுவும் இல்லை. எங்கள் கேம்ப் வாசலில் காரி விற்ற பாட்டி அதை வெட்டி நட்டார். (அங்கே வயதான பெண்களை ‘மாமா’ என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு வாயில் வரவே ஒரு மாதம் ஆனது.) அடுத்த வருடம் தங்கைக்கும் சம்பந்தி வீட்டுக்கும் குச்சி போனது. மூன்றாம் வருடம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் அதே ரகத்தைப் பார்த்தேன்.

நாகை மகள்:
அண்ணா, எது வேண்டும் என்று ஊரில் யாரையாவது கேட்டார்களா? எங்கள் ஊரிலும் எண்ணெய்க் கிணறு உண்டு. வகுப்பறை கட்டினார்கள், தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள், சரி. அப்பா கேட்டது வாய்க்கால் தூர் வாரத்தான். அது எங்கள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆத்தூர்க்காரன்:
ஊர்த் தலைவரைக் கேட்டார்கள், தங்கச்சி. கிழங்கு துருவுகிற பெண்களைக் கேட்கவில்லை. 2021இல் அங்கே புதுப் பெட்ரோலியச் சட்டம் வந்தது. நிறுவனம் முந்தைய ஆண்டு இயக்கச் செலவில் 3% ஊர் அறக்கட்டளைக்குத் தர வேண்டும். ஆனால் ஊரில் யாராவது எண்ணெய்க் குழாயைச் சேதப்படுத்தினால் பழுதுபார்க்கும் செலவை அந்தப் பணத்திலேயே கழித்துக்கொள்ளலாம். “ராத்திரியில் குழாயை உடைப்பவன் என் மகன் இல்லையே, என் பங்கில் ஏன் கை வைக்கிறார்கள்?” என்று காரி விற்ற அந்த ‘மாமா’ கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு டப்பா காரி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.