குளத்துக்குக் கீழே மனை வாங்குபவர்களுக்கு: தண்ணீர் போகும் வழியைக் கேளுங்கள்

அண்ணாச்சிமார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

பெரிய குளத்துக்குக் கீழே நன்செய் நிலத்தில் மனை போட்டிருக்கிறார்களே, வாங்கலாமா என்று நம் ஊர்ச் சங்கத்தில் பலர் விசாரிக்கிறார்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சிலர் அட்வான்ஸ் கொடுக்கவே தயாராகிவிட்டார்கள் என்று கேள்வி. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்கிறது, பத்திரம் பதிவாகும், பேங்க் லோனும் கிடைக்கும். சரி. ஆனால் மனைப் படத்தில் மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தீர்களா? ரோட்டோரம் வாறுகால் (வடிகால்) வரைந்திருக்கிறார்கள். அது மனைப்பிரிவின் எல்லையோடு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் அடுத்தவர் வயல்.

கணக்கைப் பாருங்கள். 5 ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் அது 20 லட்சம் லிட்டர். நெல் வயலாக இருந்தவரை ஒரு சாண் வரப்புக்குள் அவ்வளவும் நின்று, கொஞ்சம் மண்ணில் இறங்கி, மீதி மெதுவாக வடியும். மண் அடித்து மேடாக்கி, தார் ரோடும் காங்கிரீட் கூரையும் வந்துவிட்டால் பெய்த வேகத்திலேயே பெரும்பகுதி வெளியே ஓடும். எங்கே ஓடும்? பள்ளத்தில் இருக்கும் கீழத்தெருவுக்கு. அங்கே இருப்பவர்களும் நம்ம சொந்தக்காரர்கள்தான்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த 95 செ.மீ. மழையை இங்கே இழுக்கவில்லை. அதை எந்த வாறுகாலும் தாங்காது. நான் சொல்வது ஐப்பசி கார்த்திகையில் வழக்கமாகப் பெய்யும் மழையை. அதற்கே வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் வானத்தைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. ஒவ்வொரு மனைப்பிரிவும் தனித்தனியாக அனுமதி வாங்குகிறது. இன்றைக்கு 5 ஏக்கர், அடுத்த வருஷம் பக்கத்தில் 3 ஏக்கர். எல்லாத் தண்ணீரும் சேர்ந்து அதே பழைய ஓடைக்கும் ரோட்டடியில் இருக்கும் அந்தச் சின்னக் குழாய்ப் பாலத்துக்கும்தான் வரும் என்று கூட்டிப் பார்க்க ஆளில்லை. சிங்கப்பூரில் 2014 முதல் 0.2 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய அரை ஏக்கர், அதற்கு மேல் கட்டுபவர்கள் தங்கள் இடத்திலேயே தண்ணீரைத் தேக்கி, உச்ச மழையில் வெளியேறும் வேகத்தைக் குறைத்துத்தான் விட வேண்டும். அங்கே இருக்கும் நம்மவர்களில் சிலர் அப்படிப்பட்ட கட்டடங்களில் குடியிருக்கலாம்.

நம் ஊரிலும் வழி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு, கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட மனைப்பிரிவில் ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அதை விற்காத மூலையில் ஒதுக்காமல், இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் விட்டு, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் பள்ளமாகவும் மற்ற நாளில் பிள்ளைகள் விளையாடும் இடமாகவும் வைக்கச் சொல்லலாம். மடையிலிருந்து வரும் வாய்க்கால் அந்த நிலத்துக்குள் ஓடினால், அதை மூடவோ குறுக்கவோ விடவே கூடாது. நிலத்தை விற்றவர் விவசாயத்தை விட்டிருக்கலாம். கீழே இன்னும் நெல் போடுகிறார்கள்.

வாங்க நினைப்பவர்கள் விற்பவரிடம் மட்டம் எடுத்த படம் (நிலத்தின் மேடு பள்ளம் அளந்து காட்டும் படம்) கேளுங்கள். வாறுகால் கடைசியில் எந்த ஓடையில் சேர்கிறது, அதன் சர்வே எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) அ-பதிவேடும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு) அரசின் இணையச் சேவையில் பார்க்கலாம். ஓடைப் புறம்போக்கு (ஓடை ஓடும் அரசு நிலம்) எங்கே போகிறது என்று அதில் தெரிந்துவிடும். பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டால்தான் பதில் வரும். ரோடும் வாறுகாலும் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்குப் போன பிறகு, சரிசெய்யும் செலவு ஊர் தலையில்தான்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர ஊரில் இருப்பவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். சங்கத்தின் பெயரில் மனு கொடுக்கச் சம்மதம் என்றால் இந்த வாரத்துக்குள் பதில் போடுங்கள். மனைப் படம் கையில் வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்பினால், புலப்படத்தோடு ஒட்டிப் பார்த்து எல்லோருக்கும் அனுப்புகிறேன்.