ராஜபாளையத்து நாயும் சோற்றுத் தட்டும்: கை வைக்கலாமா, கூடாதா?

மேலத்தெரு வாசி:
கோம்பையார் நேற்று நம் நாய் வளர்ப்போர் குழுவில் வழங்கிய அறிவுரையைப் படித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. தம் வீட்டு இரண்டு வயது ராஜபாளையம் ஆண் நாய் சாப்பிடும்போது உறுமுகிறது, கூப்பிட்டால் வருவதில்லை என்று ஒரு புதிய உறுப்பினர் உதவி கேட்டிருந்தார். அதற்கு இவர், நாய் வீட்டுக்குத் தலைவனாகிவிட்டது என்றும், தினமும் அது தின்னும்போது தட்டில் கையை விட்டுச் சோற்றைப் பிசைய வேண்டும் என்றும், உறுமினால் மல்லாக்கப் புரட்டி அமுக்க வேண்டும் என்றும் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அந்த வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருப்பதையும் கேட்டவரே சொல்லியிருந்தார். உறுமல் என்பது கடிக்கு முன் நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அதை அடக்கினால் எச்சரிக்கைதான் போகுமே தவிர, கடி போகாது.

இந்தத் 'தலைவன்' கதையின் வேர் எது என்று இவர் அறிவாரா? 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் வெளியிட்ட ஆய்வு, பாசல் மிருகக்காட்சிச்சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து, கூட்டத்தில் சண்டையிட்டு வென்றதே தலைவனாகும் என்று எழுதப்பட்டது. அக்கருத்தை 1970இல் தம் நூலின் வழியே பரப்பிய டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே, கனடாவின் எல்லெஸ்மியர் தீவில் 1986 முதல் காட்டு ஓநாய்களை அருகிலிருந்து கவனித்த பிறகு, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் பிள்ளைகளும் கொண்ட குடும்பமே, அங்கே சண்டையிட்டுப் பதவி பிடிக்கும் வழக்கம் இல்லை என்று 1999இல் எழுதிவிட்டார்.

கோம்பையார்:
தம்பி, கனடா ஓநாய்க்கு நான் சோறு வைத்ததில்லை. எங்கள் வீட்டில் என் தாத்தா காலத்திலிருந்து நாய் வளர்க்கிறோம். ஒவ்வொரு குட்டியின் தட்டிலும் கை வைத்துத்தான் பழக்கியிருக்கிறோம். ஒன்றுகூட வீட்டு ஆளைக் கடித்ததில்லை. காட்டுப்பன்றியை எதிர்த்து நிற்பதற்கென்று வளர்க்கப்பட்ட இனத்தைக் கெஞ்சிக் கொஞ்சி வளர்க்கச் சொல்பவர்கள் பொமரேனியனோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வைகைக்கரையாள்:
இருவரும் 'தலைவன்' என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் விளக்கினால், எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

மேலத்தெரு வாசி:
குட்டியின் தட்டில் கை வைப்பதும், ஏற்கெனவே உறுமத் தொடங்கிய, வளர்ந்த நாயின் தட்டில் கை வைப்பதும் ஒன்றா? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வாயில் வைத்திருப்பதை வலுக்கட்டாயமாகப் பிடுங்கிய உரிமையாளர்களில் 39 விழுக்காட்டினர், மல்லாக்கப் புரட்டியவர்களில் 31 விழுக்காட்டினர், தம் நாய் பதிலுக்குச் சீறியதாகவோ பாய்ந்ததாகவோ தெரிவித்தார்கள். தட்டுக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் ஒரு துண்டு இறைச்சியைத் தூரத்திலிருந்தே போட்டுவிட்டு நகர்ந்தால், மனிதர் வருவது பறிப்பதற்கன்று, கொடுப்பதற்கே என்று நாய் தானாகக் கற்றுக்கொள்ளும்.

கோம்பையார்:
அப்படியென்றால் மீதி 61 பேர் வீட்டு நாய் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம். கணக்கு எங்களுக்கும் வரும். அந்த ஆய்வுக்கு வந்தவை ஏற்கெனவே கோளாறு என்று மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட நாய்கள் என்பதை ஏன் மறைத்தீர்கள்?

மேலத்தெரு வாசி:
நாம் பேசிக்கொண்டிருப்பதும் உறுமுகிற நாயைப் பற்றித்தானே, ஐயா? மேலும், நூற்றுக்கு 39 முறை அறுந்துபோகும் கயிற்றில் உங்கள் பேரனை ஊஞ்சல் ஆட விடுவீர்களா? தட்டில் கை வைக்கலாமா என்று கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

தெருநாய் நண்பன்:
நாய்களுக்குள் மேல் கீழ் என்பதே கிடையாது என்று மேலத்தெருக்காரர் சொல்வதாக இருந்தால், அதுவும் தவறு. ரோம் நகரின் புறநகரில் திரியும் நாய்க் கூட்டத்தை ஆராய்ந்து 2010இல் வெளியான கட்டுரையில், வயதில் மூத்தவை இளையவற்றின்மேல் ஆதிக்கம் செலுத்தியதையும், கூட்டத்துக்குள் ஒரு வரிசை இருந்ததையும் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள்.

கோம்பையார்:
கேட்டுக்கொள்ளுங்கள். இத்தாலியிலேயே சொல்லிவிட்டார்கள்.

மேலத்தெரு வாசி:
சற்று முன்புவரை வெளிநாட்டு ஆய்வு கசந்தது, இப்போது இனிக்கிறதாக்கும். நாய்க்கும் நாய்க்கும் இடையில் வரிசை இல்லை என்று நான் எங்கே எழுதினேன்? அந்த மூத்த நாய் இளைய நாயின் தட்டில் கையை விட்டுச் சோறு பிசைந்ததா என்பதை மட்டும் கட்டுரையில் தேடிச் சொல்லுங்கள்.

மருந்துக்கடை மதுரை:
நாய் கூப்பிட்டால் வருவதில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லையே? வெள்ளை ராஜபாளையத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாமல் பிறப்பதுண்டு. கேட்காத நாய் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். பல்வலி, மூட்டுவலி இருந்தாலும் திடீரென்று உறுமத் தொடங்கும். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

கோம்பையார்:
2005இல் அஞ்சல் துறை முதோல், ராம்பூர், இமயமலை மேய்ப்பு நாய் ஆகிய இனங்களோடு சேர்த்துத் தபால் தலை வெளியிட்டுப் பெருமைப்படுத்திய இனத்தைச் செவிட்டு இனம் என்று எழுதுவதற்கு எப்படி மனம் வந்தது? எங்களிடம் பிறந்த ஒரு குட்டிக்கும் அந்தக் குறை இருந்ததில்லை.

மருந்துக்கடை மதுரை:
சில குட்டிகள் என்றுதான் எழுதினேன், அண்ணா. இனம் முழுவதையும் சொல்லவில்லை.

தெருநாய் நண்பன்:
குறை இருந்ததில்லையா, அல்லது குறை தெரிவதற்கு முன்பே விற்றுவிட்டீர்களா? போன பொங்கலுக்கு என் மைத்துனருக்கு நீங்கள் கொடுத்த குட்டி கண் திறந்தே சில நாள்தான் ஆகியிருந்தது. எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருந்தால்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவு அதற்குப் பிடிபடும்.

கோம்பையார்:
உங்கள் மைத்துனர் பாதிப் பணம் இன்னும் தரவில்லை என்பதையும் இதே இடத்தில் எழுதிவிடுங்கள். வேண்டுமானால் நான் எழுதுகிறேன். சற்று முன் எனக்காக ரோம் வரை போய் வந்தீர்கள் என்று நினைத்தேன். சொந்தக் கணக்குக்காகத்தான் போலும்.

வைகைக்கரையாள்:
அந்தப் புதிய உறுப்பினர் இன்று இரவு நாய்க்குச் சோறு வைக்க வேண்டுமே, என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

மேலத்தெரு வாசி:
குழந்தையை வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, தட்டை வைத்து, தின்று முடிக்கும்வரை விலகியிருக்கச் சொல்லுங்கள். கை வைக்கவே வேண்டாம். அமுக்கவும் வேண்டாம். கோம்பையார் கடன் கணக்கை முடித்துவிட்டு 39க்குப் பதில் சொல்லட்டும்.

கோம்பையார்:
61க்கு நீங்கள் சொல்லுங்கள், பிறகு பார்ப்போம்.

மேலத்தெரு வாசி:
61 பேரும் தட்டில் கை வைத்தவர்கள் அல்லர், ஐயா. வாயிலிருந்து பிடுங்கியவர்கள்.

கோம்பையார்:
அப்படியானால் 39 மட்டும் எப்படித் தட்டுக்குப் பொருந்தியது?