வெள்ளம் வந்தப்பதான் பாலிசியப் படிச்சேன்

வீடு வாங்கப் போற தம்பி தங்கச்சிங்க, லோன் பேப்பர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னால இத கொஞ்சம் படிச்சிருங்க. நான் பட்டர்வொர்த் பக்கம் டெரஸ் வீடு வாங்கினப்ப பத்து பர்சன்ட் முன்பணம், லாயர் பீஸ், ஸ்டாம்ப் டூட்டின்னு அலைஞ்சதுலயே நாக்கு தள்ளிருச்சு, அதுல பேங்க்ல "இன்சூரன்ஸ் எல்லாம் உள்ளயே போட்டாச்சுண்ணே"ன்னு சொன்னதும் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

2017 நவம்பர் 4 ராத்திரி பெஞ்ச மழை பினாங்குக்காரங்க யாருக்கும் மறந்திருக்காது. விடியக்காலைல எந்திரிச்சா ஹால்ல முழங்காலுக்கு மேல தண்ணி, பிரிட்ஜ் சாஞ்சு மெதக்குது, அம்மா சாமிப் படத்தையெல்லாம் மடியில கட்டிக்கிட்டு மாடிப்படியில ஒக்காந்திருக்காங்க. கிச்சன் கேபினட் பலகை ரெண்டு நாள்ல பால்ல போட்ட ரொட்டி மாதிரி உப்பிருச்சு. பாலிசியத் தேடி எடுத்துப் பாத்தா நெருப்பு, இடி, கேஸ் வெடிக்கிறது, அவ்ளோதான். வெள்ளத்துக்குத் தனியா சேர்த்திருக்கணுமாம். பேங்க் கவலை அவங்க கடனப் பத்தி, என் கேபினட்டப் பத்தி இல்லலா!

இப்ப கட்டடத்துக்கு ஹவுஸ்ஓனர், சாமானுக்கு ஹவுஸ்ஹோல்டர், ரெண்டும் வச்சிருக்கேன், வெள்ளம் அதுல வந்துரும். தொகை போடறப்ப வீட்டு வெலைய போடாதீங்க, லோன் தொகையவும் போடாதீங்க, வீடு இடிஞ்சா மறுபடியும் எழுப்ப எவ்ளோ ஆகும்னு பாத்துப் போடுங்க. கொறச்சுப் போட்டா கிளைம்லயும் அந்த அளவுக்குக் கழிச்சுருவாங்க.

---

அண்ணே, எங்க வீட்டுக் கதை எம்ஆர்டிஏ, அதான் லோன் எடுத்தவரு தவறிட்டா மீதிக் கடன அடைக்கிற இன்சூரன்ஸ். எங்க கூடப் பொறந்த அண்ணனுக்கு லோன் 30 வருசம், பாலிசி 10 வருசம்தான். பிரீமியம் கொறையும்னு யாரோ அப்படிப் போட்டுக் குடுத்துட்டாங்க, அந்தப் பிரீமியத்தையும் லோன்லயே சேர்த்ததால அதுக்கும் சேர்த்து வட்டி கட்டிக்கிட்டு இருந்தாரு. 12ஆவது வருசம் தவறிட்டாரு. அண்ணி கருமாதி முடிஞ்சு பைலத் தூக்கிக்கிட்டு பேங்க் போனப்பதான் பாலிசி எப்பவோ முடிஞ்சு போச்சுன்னு தெரியும், இப்ப மாசா மாசம் அவங்கதான் கட்டறாங்க.

ரெண்டு பேர் பேர்ல லோன் எடுத்தா பாலிசியில ரெண்டு பேரும் இருக்காங்களா, யாருக்கு எவ்ளோன்னு கேளுங்க. எம்ஆர்டிஏ தொகை வருசா வருசம் கொறஞ்சுக்கிட்டே வரும், எம்எல்டிஏன்னு இதே மாதிரி இன்னொண்ணு இருக்கு, அதுல தொகை கொறையாது, வீட்ட வித்துட்டு வேற வாங்கினாலும் கூடவே கொண்டு போகலாம், ஆனா பிரீமியம் ஜாஸ்தி. எடுத்தே ஆகணும்னு சட்டம் இல்ல, எடுத்தா வட்டியக் கொஞ்சம் கொறைக்கிற பேங்க் இருக்கு. ரெண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்க.

---

கோலாலம்பூர்ல கோண்டோ, அதான் அடுக்குமாடி வீடு, வாங்கறவங்களுக்கு ஒண்ணு. கட்டடம் முழுசுக்கும் மேனேஜ்மென்ட் மாஸ்டர் பாலிசி எடுத்திருக்கணும், அடுக்குமாடி வீடுங்களுக்கான ஸ்ட்ராட்டா சட்டத்துல இருக்கு. அதோட காப்பிய வாங்கி பேங்க்ல குடுங்க, இல்லாட்டி அவங்க தனியா ஒண்ணு போட்டு உங்க தலையில கட்டிருவாங்க. ஆனா நீங்க செஞ்ச ரெனோவேஷன், சோபா, டிவி எதுவும் அதுல வராது. எனக்கு மேல் வீட்டு பாத்ரூம் ஒழுகி பிளாஸ்டர் சீலிங் அப்படியே மெத்தையில விழுந்துச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு! ஒழுகினா வாய்ல சொல்லாதீங்க, மேனேஜ்மென்ட்டுக்கு எழுதிக் குடுங்க, 7 நாளைக்குள்ள வந்து பாக்கணும்.

---

தங்கச்சி, உங்க அண்ணனோட எம்ஆர்டிஏ பத்தி நீ எழுதினதப் படிச்சதும் எந்திரிச்சுப் போய் என் பைல எடுத்துப் பாத்தேன். லோன் 35 வருசம். எம்ஆர்டிஏ 15. நாளைக்கு லீவு போட்டுட்டு பேங்க் போறேன்.